விடுமுறையும் நம் இசைப் பிள்ளைகளும்

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பாடற்குழு ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் எத்தனையோ இருக்க, கோடை விடுமுறையில் பிள்ளைகள் கீபோர்டு பழகுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் உங்களை ஒன்று கேட்கிறோம். இந்தப் பங்கின் அடுத்த யூபிலித் திருப்பலியில் இசைக்கருவியின் முன் உட்காரப் போவது யார்? அந்தப் பிள்ளை இன்று ஏழெட்டு வயதில் நம் நடுவிலேதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் அது நம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. ஏப்ரலில் பன்னிரண்டு பிள்ளைகளோடு வகுப்பை முடிப்போம். ஜூனில் ஏழு பேர் வருவார்கள். மற்ற ஐந்து பேர் கோயிலுக்கு வருவார்கள், பாட்டும் பாடுவார்கள். ஆனால் எங்களைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள்.

வெகு காலம் நாங்கள் இதற்குப் பிள்ளைகளையே குறை சொன்னோம். பிறகு பெற்றோரைக் குறை சொன்னோம். கைப்பேசி வந்தபின் கைப்பேசியைக் குறை சொன்னோம். ஒருநாள் எங்களில் ஒருவர் கேட்டார்: "கிறிஸ்துமஸ் விடுமுறையில் மட்டும் இவர்கள் ஏன் மறப்பதில்லை?" உண்மைதானே! டிசம்பரிலும் விடுமுறை விடுகிறார்கள். அப்போது பிள்ளைகளைக் கருவியை விட்டு எழுப்புவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. பஜனை உண்டு, குடில் உண்டு, நள்ளிரவுப் பூசை உண்டு. இவன் வாசித்தால்தான் அவர்கள் பாட முடியும். யாரோ காத்திருக்கிறார்கள். மே மாதத்தில் யாரும் காத்திருப்பதில்லை. நாட்களின் எண்ணிக்கை ஒரு காரணமே தவிர, பெரிய காரணம் இதுதான் என்று எங்களுக்கு அன்று பட்டது. இன்றும் அப்படியே படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். விடுமுறை தொடங்கியதும் கீபோர்டைத் துணியால் மூடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோம். தூசு படியக்கூடாது, திருட்டுப் போகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். நம் பிள்ளைகளில் வீட்டில் கருவி உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆகவே "விடுமுறையில் தினமும் அரைமணி பழகு" என்று நோட்டில் எழுதிக் கொடுத்தோமே, எதில் பழகச் சொன்னோம்? இதை எங்களிடம் கேட்டது ஒரு பெரியவர் அல்ல. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். "சார், பெட்டி மேலேயே வாசிக்கணுமா?" என்றான்.

அவன் கேலியாகக் கேட்டானோ உண்மையாகவே கேட்டானோ தெரியாது. ஆனால் அவன் கேட்டதில் விஷயம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் நம் ஆர்மோனியத்தைப் பற்றிச் சில வார்த்தை. அந்தப் பழைய பெட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரான்சு தேசத்தில் பிறந்து, நம் நாட்டுக்கு வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி போடும் உருவத்தை அடைந்த கருவி இது. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு இதைத் தன் நிலையத்துக்குள் வரக்கூடாது என்று விலக்கியது. 1971 வரையில் அந்தத் தடை இருந்தது. பியானோவின் கதையோ கோயிலைப் பொறுத்தவரை இன்னும் வேடிக்கை. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாள் திருநாளன்று, பத்தாம் பத்திநாதர் என்ற திருத்தந்தை வெளியிட்ட கட்டளையில் கோயிலுக்குள் பியானோ வாசிப்பது தடுக்கப்பட்டிருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டில், குழாய் ஆர்கனுக்கு முதல் மரியாதை தந்து, தகுதியுள்ள மற்றக் கருவிகளையும் ஏற்கலாம் என்றது. ஆக, வானொலி தள்ளிய பெட்டியும் கோயில் தள்ளிய கட்டைகளும் சேர்ந்துதான் இன்று நம் பிள்ளைகளுக்கு வாத்தியமாக இருக்கின்றன.

அந்த ஆர்மோனியத்தை நாங்களும் ஒருகாலத்தில் ஓரங்கட்டினோம். கீபோர்டு வந்ததும் அதைச் சக்கிரீஸ்து அறையில் உடைந்த மெழுகுவர்த்தித் தண்டுகளோடு போட்டுவிட்டோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். நம் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பெரியவர்கள் வைத்த மரங்களுக்குக் கீழே நின்று ஆண்கள் அழுததை அன்றுதான் பார்த்தோம். மறுநாள் இரவு புத்தாண்டுப் பூசை. மின்சாரம் கிடையாது, எப்போது வரும் என்றும் தெரியாது. கீபோர்டு வெறும் பலகையாகிவிட்டது. யாரோ ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து தூசு தட்டினார்கள். துருத்தியில் ஓட்டை, காற்று நிற்கவில்லை. வாசிப்பவர் ஒரு கையால் துருத்தி போட்டுச் சமாளிக்க முடியாமல் திணற, பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் துருத்தியைப் பிடித்துக்கொண்டான். வாசித்தவருக்கு இரண்டு கையும் விடுதலையாயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அன்று கேட்ட இசையை, பிறகு எந்தக் கீபோர்டிலும் நாங்கள் கேட்டதில்லை.

அந்தத் துருத்திப் பையன் பிறகு எங்களிடம் வகுப்புக்கு வந்தான். "அடுத்த வருஷம் நான் வாசிக்கிறேன், அவரு துருத்தி போடட்டும்" என்பதுதான் அவன் சொன்ன காரணம்.

ஆர்மோனியத்தில் பழகிய பிள்ளைக்கு இடதுகை தூங்கிப் போகும் என்பது எல்லா ஆசிரியர்களும் அறிந்த குறை. இடதுகை துருத்தியிலேயே வளர்ந்ததல்லவா? பியானோ முறைக்கு வரும்போது அது எழுந்திருக்க மறுக்கும். ஆனால் இருவராக உட்கார்ந்து, ஒருவர் காற்றுக்கும் ஒருவர் கட்டைக்குமாக இருந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. அதோடு, தனியாகப் பழகு என்றால் ஓடுகிற பிள்ளை, துணையோடு என்றால் உட்காருகிறது. பாட்டு முடிந்ததும் இடம் மாற வேண்டும் என்பது மட்டுமே சட்டம். சண்டை வரும், வரட்டும்.

இனி மறதியைப் பற்றி. விடுமுறையில் எல்லாமே போய்விட்டது என்று தாய்மார்கள் வருத்தப்படுவது வழக்கம். ஹெர்மன் எபிங்கௌஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். மறதி முதலில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பது அவர் கண்டது. ஒரு மாதம் கழித்துப் படித்தபோதும், முதல் தடவை பட்ட பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. பொருளற்ற அசைக்கே அப்படியென்றால், பாட்டு எவ்வளவோ மேல். ஆகவே ஜூனில் பிள்ளை தடுமாறினால் பதற வேண்டாம், மீண்டும் ஏறிக்கொள்ளும். ஆனால் மறதி வேகமாக ஓடுவது முதல் நாட்களில் என்பதைக் கவனியுங்கள். நாமோ, விடுமுறை தொடங்கியதும் "பாவம், கொஞ்ச நாள் விளையாடட்டும்" என்று விட்டுவிட்டு, பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது அதட்டத் தொடங்குகிறோம். தலைகீழ் வேலை! முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்; கடைசி வாரத்தில் விளையாடட்டும்.

இப்போது அந்தப் பெட்டிக் கேள்விக்கு வருகிறோம்.

ஒரு ஜூன் மாதம், நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். விரல்களை மடக்கியே வைத்திருந்தாள். வாசி என்றோம், வாசிக்கவில்லை. "விடுமுறையில் தொடவே இல்லையா? அதற்குள் இவ்வளவு சோம்பலா?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். அவள் கையை நீட்டினாள். மூன்று விரல்களின் நுனித்தோல் கறுத்து உரிந்திருந்தது. அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்திருக்கிறாள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது நம் ஊரில் யாருக்குச் சொல்லித் தரவேண்டும்? சாம்பலைத் தடவிக்கொண்டு பெரியவர்கள் செய்கிற வேலை. பிள்ளையின் தோல் தாங்குமா? அவள் கட்டையை அழுத்தினால் வலிக்கும். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அப்போது அவள் சொன்னாள்: "பாட்டு மறக்கல டீச்சர். மனசுக்குள்ளேயே வாசிச்சுப் பார்த்துக்கிட்டேன்." எந்த விரல் எந்தக் கட்டை என்று வரிசையாகச் சொல்லவும் செய்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இது எங்களுக்கு வியப்பாக இருந்தது. தேடிப் படித்தோம். 1995ஆம் ஆண்டு ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி ஒன்று அகப்பட்டது. பியானோ அறியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, ஒரு பிரிவினரை ஐந்து நாள் கட்டையில் பழகச் செய்தார்கள். இன்னொரு பிரிவினரைக் கட்டையின் முன் உட்கார்ந்து விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் பழகச் செய்தார்கள். மனத்தில் பழகியவர்களும் முன்னேறினார்கள். விரலை ஆளும் மூளைப் பகுதியில் ஏற்படும் மாற்றம் இரு பிரிவினரிடத்திலும் காணப்பட்டது. கையால் பழகுவதற்கு அது முழு ஈடாகாது என்றாலும், பிறகு ஒருமுறை கட்டையில் உட்கார்ந்ததும் அவர்கள் வெகுவாக எட்டிப்பிடித்தார்களாம். நம் பிள்ளை எந்த ஆராய்ச்சியும் படியாமல், முந்திரிக்கொட்டைக் குவியலின் முன் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறாள்.

ஆகவே "பெட்டி மேலேயே வாசிக்கணுமா?" என்ற பையனுக்கு எங்கள் விடை: வாசிக்கலாம்! பியானோவில் ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்த அகலம் ஏறக்குறைய பதினாறரை சென்டிமீட்டர். திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் முப்பத்து மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு கிழித்து, பதினான்கு வெள்ளைக் கட்டை பிரித்து, கறுப்பை இரண்டும் மூன்றுமாகப் போட்டால் வாத்தியம் தயார். வாயால் பாடிக்கொண்டே விரலை வைக்க வேண்டும். கீபோர்டில் தாளப் பொத்தானை அழுத்திவிட்டு இயந்திரத்தை வாசிக்கவிட்டுக் கைகட்டி உட்காரும் நம் வாலிபர்களைக் காட்டிலும், சுருதியை மாற்றும் பொத்தானை நம்பி ஒரு கட்டையைத் தவிர வேறு எதிலும் வாசிக்க அறியாதவர்களைக் காட்டிலும், திண்ணையில் பழகும் பிள்ளைக்கு இசை அதிகமாகத் தெரியும். இதைச் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொட்டை உடைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டுக்கொள்கிறோம்: பிள்ளைகளை ஓட்டுப் பக்கம் விடாதீர்கள். கொல்லையில் உதிர்ந்த பழம் பொறுக்கட்டும், கோழி விரட்டட்டும். அந்த விரல்கள் இருக்கட்டும். பலாப்பழம் அறுத்த கையோடு வந்து கீபோர்டைத் தொடவும் வேண்டாம். சென்ற ஆண்டு இரண்டு கட்டைகள் பால் ஒட்டி எழும்பாமல் நின்று, தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்தது எங்களுக்குத்தான் தெரியும்.

இனி, என்ன வாசிப்பது? முன்பெல்லாம் விடுமுறைப் பாடமாகச் சரளி வரிசையை எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் அந்த நோட்டைத் தலையணைக்கடியிலும் வைக்கவில்லை, பரண்மேல் வைத்தார்கள். ராபர்ட் ஷூமான் என்ற ஜெர்மானிய இசைமேதை, தம் மூத்த மகள் மரியாளின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று 1848இல் சில சிறு பாடல்களை எழுதத் தொடங்கினார். அவை வளர்ந்து நாற்பத்து மூன்று பாடல்கள் கொண்ட புத்தகமாயின. உலகமெங்கும் பியானோ பழகும் பிள்ளைகள் இன்றும் அதை வாசிக்கிறார்கள். அதில் வேலை முடிந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் உழவன் ஒருவன் உண்டு. அறுவடைக்காரர் பாட்டும் திராட்சை பறிக்கும் காலமும் உண்டு. பிள்ளையின் கண்முன் நடப்பதைப் பிள்ளையின் விரலுக்குத் தந்தார். அங்கேரியில் பேலா பார்டோக் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைச் சேகரித்து, அவற்றையே எளிய பியானோப் பாடங்களாக்கிக் குழந்தைகளுக்குத் தந்தார். நம் நாட்டில் இளையராஜா ஆர்மோனியத்தில் கைதேர்ந்தது வகுப்பறையில் அல்ல. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய், பாடுகிறவர்களுக்காக வாசித்தபோதுதான். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இவற்றைப் பார்த்துவிட்டு, சென்ற இரண்டு கோடைகளாகச் சரளி வரிசையை நிறுத்தினோம். பதிலுக்கு ஒன்று சொன்னோம்: "உங்கள் ஆயாவிடம் போய் ஒரு பாட்டுக் கேட்டு வாங்கி, அதைக் கட்டையில் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள்." அவ்வளவுதான். தாலாட்டு வந்தது, நடவுப் பாட்டு வந்தது, இப்போது யாரும் பாடாத பழைய மாதா பாட்டு ஒன்று வந்தது. ஒரு பையனின் ஆயா பாட மறுத்துவிட்டார்களாம். மூன்று நாள் பின்னாலேயே அலைந்து, கடைசியில் மாடு கறக்கும்போது அவர் முனகியதைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டு வந்தான். அந்த ஆயா இப்போது இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். எழுந்து நிற்கச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

எந்தக் கட்டையில் தொடங்குவது என்று தெரியாத பிள்ளைக்கு ஒரு விளையாட்டு உண்டு. கறுப்புக் கட்டைகளில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக வைத்தால் அது மோகனம். எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. வெள்ளைக் கட்டைகள் ஒரு கட்டைச் சுருதியில் சங்கராபரணம். அதே வெள்ளையில் அடுத்த கட்டையிலிருந்து தொடங்கினால் கரகரப்பிரியா, அதற்கடுத்து தோடி, பிறகு கல்யாணி, அரிகாம்போதி, நடபைரவி என்று வரிசையாகக் கதவு திறக்கும். ஏழாவது கட்டையில் மட்டும் பஞ்சமம் அமையாது. ஏன் அமையாது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அமைத்த நோட்டுஸ்வரங்களும் சங்கராபரணத்தில்தான் இருக்கின்றன. மேல்நாட்டுக் கருவியில் நம் பிள்ளை வாசிக்க அவற்றைவிட ஏற்றவை கிடைப்பது அரிது.

சில பெற்றோர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பியானோத் தேர்வுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்லவைதான், ஆரம்பப் படி தொடங்கி எட்டாம் படிவரை உண்டு. தேர்வு இருப்பதால் பழகும் பிள்ளையும் உண்டு. ஆனால் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியபின் கருவியை மூடிய வீடுகளையும் கண்டிருக்கிறோம். ஆசைப்படுகிறவர்களுக்கு வழிகாட்டுகிறோம், அதுவே வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை.

வீட்டில் உங்களிடம் நாங்கள் கேட்பது சொற்பம். "பிராக்டீஸ் பண்ணினியா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். "அந்தப் பாட்டை எனக்கு ஒருதரம் வாசிடா" என்று கேளுங்கள். திண்ணையில் வாசித்தாலும் உட்கார்ந்து பாருங்கள். அடுப்பில் வேலை இருந்தால் அடுப்படியிலிருந்தே கூடப் பாடுங்கள்.

இந்த மே மாதத்துக்கு ஏற்பாடு சொல்லிவிட்டு முடிக்கிறோம். மாதா வணக்க மாதம் முப்பத்தோரு நாளும் தெருத்தெருவாக மாலைச் செபம் நடக்கிறதல்லவா? ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை ஒரே ஒரு பாட்டுக்கு வாசிக்கும். யாருக்கு எந்தத் தெரு, எந்த நாள் என்று எழுதிக் கோயில் கதவில் ஒட்டியிருக்கிறோம். முதல் நாள், கை வெந்து வந்தாளே, அந்தப் பிள்ளை. கீபோர்டுப் பெட்டிச் சாவி இனி எங்கள் வீட்டில் இருக்காது, கோயிற்பிள்ளையிடம் இருக்கும். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை, இரண்டு பேராக வரும் எந்தப் பிள்ளைக்கும் திறந்துவிடுவார். மின்சாரம் நின்றால் ஆர்மோனியம். அதன் துருத்தித் தோல் இன்னும் ஒழுகுகிறது. தோல் தைக்கத் தெரிந்தவர் பண்ணுருட்டியிலோ வடலூரிலோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.